களிமண்ணை வைத்து என்ன செய்யப் போகிறாள்? – வாசகர் கேள்வி பதில்

டெல்லியில் குளிர் கொஞ்சம் விலகி, மதிய வெயில் முதுகுக்கு இதமாகப் படும் நாட்கள் வந்தால் கலைக் கல்லூரிகளில் கண்காட்சி வேலை சூடு பிடித்துவிடும். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். அதனால் வாடகை ஒப்பந்தம், பள்ளி அட்மிஷன் கேள்விகள் எல்லாம் அடுத்த இதழில். இன்றைக்கு முழுக்க ஓவியமும் சிற்பமும், அதிலும் சிற்பம் கொஞ்சம் அதிகம்.

என் மகள் திலக் மார்க் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் சிற்பம் படிக்கிறாள். போன வருஷக் கண்காட்சிக்கு நானும் மனைவியும் போய், இருபது நிமிஷத்தில் எல்லாவற்றையும் பார்த்து முடித்து வெளியே வந்து டீ குடித்தோம். அவள் முகம் வாடிப்போனது. சொந்தக்காரர்கள் வேறு, 'களிமண்ணை வைத்து என்ன செய்யப் போகிறாள்' என்று கேட்கிறார்கள். இந்த வருஷம் நாங்கள் எப்படிப் பார்க்க வேண்டும்? (ஜனக்புரி வாசகர்)

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் ஐயா. மகளின் முகம் வாடியதைக் கவனித்து, அடுத்த தடவை எப்படிப் போவது என்று கேட்கிற அப்பா நீங்கள். பார்க்கும் முறை மட்டும்தான் பாக்கி.

ஓவியம் என்றால் எதிரே நின்று பார்க்கலாம். சிற்பத்தைச் சுற்றி வர வேண்டும். கோவில் பிராகாரத்தில் தெற்கே தட்சிணாமூர்த்தி, பின்னால் லிங்கோத்பவர், வடக்கே துர்க்கை என்று கருவறைச் சுவரின் ஒவ்வொரு மாடத்திலும் நின்று நின்று சுற்றுகிறோமே, அதே நடைதான். முன்னாலிருந்து பார்த்தால் சும்மா நிற்கிற மாதிரி இருக்கும் உருவம், பக்கவாட்டில் வந்தால் உடம்புப் பாரத்தை ஒரே காலில் வாங்கிக்கொண்டு இடுப்பைச் சாய்த்திருக்கும், பின்னால் போனால் முதுகெலும்பின் பள்ளம் அந்தச் சாய்வுக்குத் தகுந்த மாதிரி வளைந்து இறங்கும். பிள்ளைகள் வாரக்கணக்கில் போராடுவது அந்த முதுகோடுதான், ஆனால் வருகிறவர்களில் பத்தில் ஒருவர் பின்பக்கம் போனாலே அதிசயம்.

அடுத்து, அது எப்படி உண்டானது என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். ஒரு தலை உருவம் என்று வையுங்கள். முதலில் இரும்புக் கம்பியை வளைத்து, மெல்லிய கம்பியால் சுற்றிக் கட்டி ஒரு கூடு செய்வார்கள், அதன் மேல் களிமண்ணை அப்பி அப்பி முகம் கொண்டுவருவார்கள். தினமும் சாயந்திரம் ஈரத் துணி சுற்றி பிளாஸ்டிக் தாள் போர்த்திவிட்டு வர வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் காதோரம் விரிசல் விட்டிருக்கும். ஜனவரியில் அந்த மண்ணைப் பிசைந்தால் விரல் மரத்துப்போகும். மண் உருவம் முடிந்ததும் அதன் மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசி அச்சு எடுப்பார்கள். முதல் பூச்சில் மட்டும் துணிக்குப் போடும் நீலத்தைக் கொஞ்சம் கலந்துகொள்வார்கள், அதற்கு மேல் வெள்ளை. இறுகிய பிறகு அச்சைப் பிரித்து, மண்ணைத் தோண்டி எறிந்துவிட்டு, உள்பக்கம் சோப்புக் கரைசல் தடவி, மறுபடி பிளாஸ்டரோ ஃபைபர் கிளாஸோ வார்ப்பார்கள். அப்புறம் வெளி அச்சை உளியால் துண்டு துண்டாகக் கொத்தி எடுக்க வேண்டும். நீலம் கண்ணில் பட்டதும் கை மெதுவாகிவிட வேண்டும், ஏனென்றால் அதற்கு அடுத்து இருப்பது மூக்கு. மண்ணும் போய்விட்டது, அச்சும் உடைந்துவிட்டது, கையில் மிஞ்சுவது அந்த ஒரே தலை. உங்கள் மகளுடைய வேலைப்பாட்டில் காது மடலுக்குப் பின்னாலோ கழுத்து மடிப்பிலோ ஒரு நீலத் துணுக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைக் காட்டி என்னவென்று அவளிடம் கேளுங்கள். அதற்குப் பிறகு டீக்கடைக்குப் போக நேரம் இருக்காது.

சொந்தக்காரர்களுக்கு வருகிறேன். மெரினாவில் உழைப்பாளர் சிலையைப் பார்த்திருப்பார்கள்தானே? பாறையை நெம்பித் தள்ளும் நாலு பேர், 1959-இல் வைத்தது. அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, சென்னை கலைப் பள்ளிக்கு முப்பது வருஷத்துக்குச் சற்றுக் குறையத் தலைவராக இருந்தவர். அந்தச் சிலைக்கு மாடலாக நின்றவர்களில் ஒருவர் அதே பள்ளியின் இரவுக் காவலாளி என்று சொல்வார்கள். தௌலா குவானிலிருந்து சர்தார் படேல் மார்க் வழியாக வரும்போது காந்தி முன்னால் நடக்க பத்துப் பேர் பின்தொடரும் 'கியாரா மூர்த்தி' (பதினொரு சிலை) இருக்கிறதே, அதுவும் அவர் உருவாக்கியதுதான். அடுத்த முறை யாராவது களிமண்ணைப் பற்றிக் கேட்டால் காரில் ஏற்றி அந்த வழியாகக் கூட்டிக்கொண்டு போங்கள்.

வேலை விஷயத்தில் உங்களிடம் மழுப்ப மாட்டேன். ஆரம்ப வருஷங்களில் வருமானம் ஏற்ற இறக்கமாகத்தான் இருக்கும். பள்ளிகளில் கலை ஆசிரியர், அருங்காட்சியகத்தில் பழுது நீக்கும் பிரிவு, சினிமா, நாடக செட் வேலை, கம்ப்யூட்டரில் முப்பரிமாண உருவம் செய்வது என்று வழிகள் இருக்கின்றன. தனக்கென்று ஸ்டூடியோ வைக்க முடியாதவர்களுக்காக தேசியக் கலை அமைப்பான லலித் கலா அகாடமி 1976-லிருந்து தெற்கு டெல்லி கர்ஹியில் பொது ஸ்டூடியோக்கள் நடத்துகிறது. அவள் படிக்கும் கல்லூரியும் ஒன்றும் நேற்று முளைத்ததல்ல. 1942-இல் டெல்லி பாலிடெக்னிக்கின் கலைப் பிரிவாகத் தொடங்கி, பிறகு டெல்லி பல்கலைக்கழகத்தோடு இணைந்தது, தன்ராஜ் பகத் மாதிரி பெரிய சிற்பி வகுப்பு எடுத்த இடம்.

கல்லூரிக் கண்காட்சிக்கு அழைப்பிதழ் இல்லாமல் போகலாமா? வாசலில் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று கூச்சமாக இருக்கிறது. (ஆர்.கே.புரம் வாசகி)

தாராளமாகப் போகலாம். ஆண்டுக் கண்காட்சி பொதுவாக எல்லோருக்கும் திறந்ததுதான், டிக்கெட்டும் கிடையாது. ஆதார் மாதிரி ஒரு அடையாள அட்டை கையில் இருக்கட்டும், வாசலில் பெயர் எழுதச் சொல்வார்கள். கடைசியில் ஒரு கருத்துப் புத்தகம் வைத்திருப்பார்கள். 'நன்றாக இருந்தது' என்று மட்டும் எழுதிவிட்டு வராதீர்கள் அம்மா. எந்த வேலைப்பாடு, அதில் எது உங்களை நிறுத்தியது என்று ஒரு வரி, தமிழிலேயே எழுதினாலும் சரி. பிள்ளைகள் ராத்திரி அந்தப் புத்தகத்தைச் சுற்றி உட்கார்ந்து தங்கள் பெயர் வந்திருக்கிறதா என்று தேடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் தஞ்சாவூர் பக்கத்துக்காரன், பெரிய கோவிலைப் பார்த்து வளர்ந்தவன். பேத்தி கூட்டிப்போன கல்லூரிக் கண்காட்சியில் துருப்பிடித்த சைக்கிள் செயினையும் உடைந்த கூலர் தகரத்தையும் பற்ற வைத்துச் சிற்பம் என்கிறார்கள். ஒரு சாமி சிலை கிடையாது. இதெல்லாம் சிற்பமா? (கரோல் பாக், வயது 74)

ஐயா, சில சமயம் அது சிற்பமாக ஆகாமலே போய்விடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரும்பைப் பற்ற வைக்கத் தெரிந்த சந்தோஷத்தில் நிறுத்திக்கொண்ட வேலைகளை நானும் ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். ஆனால் இரும்பு என்பதற்காகவே தள்ளிவிடாதீர்கள். சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வளர்ந்ததற்குக் காவிரியின் வண்டல் மண்ணும் ஒரு காரணம். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து செய்த உருவத்தின் மேல் அந்த மெல்லிய மண்ணைப் பூசினால் நகக்கணு வரைக்கும் பதிகிறது, மெழுகை உருக்கி வெளியே விட்டு உலோகத்தை ஊற்றினால் அதே நகக்கணு உலோகத்தில் வருகிறது. அங்கே கைக்கு எட்டியது ஆற்று மண். டெல்லியில் படிக்கும் பையனுக்குக் கைக்கு எட்டுவது மாயாபுரி காயலான் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும் இரும்பு. வெண்கலம் வார்க்க அவனிடம் காசு ஏது?

நீங்கள் வளர்ந்த கண்ணை வைத்தே இதை அளக்கலாம் என்பதுதான் நான் சொல்ல வருவது. ஜன்பத் தேசிய அருங்காட்சியகத்தில் திருவரங்குளம் நடராஜர் இருக்கிறார், போயிருக்கிறீர்களா? புதுக்கோட்டைப் பக்கத்துச் சோழர் காலத்துச் செப்புத் திருமேனி. நாம் வழக்கமாகப் பார்க்கும் கால் தூக்கிய கோலம் இல்லை, சதுர தாண்டவம். அவர் முன்னால் ஐந்து நிமிஷம் நின்று, உடம்பை விட்டுவிட்டு, கைகளுக்கும் கால்களுக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடத்தை மட்டும் பாருங்கள். அந்த வெளியும் சேர்ந்து ஆடும். அதே கண்ணோடு நேரே கல்லூரிக்குப் போய் சைக்கிள் செயின் சிற்பத்தின் முன் நின்று கேளுங்கள்: இதில் நடுவில் விட்ட இடம் ஏதாவது செய்கிறதா, பாரம் எங்கே இறங்குகிறது, இந்தச் செயினை எடுத்துவிட்டால் உருவம் குறைகிறதா? பதில் கிடைத்தால் அது சிற்பம். கிடைக்காவிட்டால் அடுத்ததுக்கு நகருங்கள், தப்பே இல்லை.

பழசுக்கும் புதுசுக்கும் நடுவில் சுவர் எழுப்ப வேண்டியதில்லை என்பதற்கு சன்சத் மார்க் ரிசர்வ் வங்கி வாசலே சாட்சி. அங்கே ராம்கிங்கர் பைஜ் செதுக்கிய யட்சனும் யட்சியும் இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். இமாசலத்திலிருந்து கல் கொண்டுவந்து, பத்து வருஷத்துக்கு மேல் இழுத்த வேலை. யட்சனுக்கு அவர் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது பர்க்கம் என்ற ஊரில் கிடைத்து மதுராவில் இருக்கும் பழைய யட்சனை. ஆனால் கையில் கொடுத்திருப்பது ஒரு பல்சக்கரம்! தொழிற்சாலைக் காலத்து யட்சன். யட்சி கையில் தானியக் கதிர். சாமி சிலையே இல்லை என்று வருத்தப்பட்டீர்கள் அல்லவா, கல்லூரிக்குக் கொஞ்ச தூரத்தில், பாரத் மண்டபத்துக்கு முன்னால் 2023-இல் வைத்த 27 அடி நடராஜர், சுவாமிமலை ஸ்தபதிகள் அதே மெழுகு வார்ப்பு முறையில் செய்தது. பேத்தியை நீங்கள் ஒரு நாள் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போய் அந்த வெற்றிடத்தைக் காட்டுங்கள். அவள் உங்களுக்கு வெல்டிங் பட்டறையைக் காட்டட்டும்.

ஏன் பெரும்பாலான மாணவர் சிற்பங்கள் வெள்ளையாகவோ செயற்கை வெண்கல நிறத்திலோ இருக்கின்றன? (சரிதா விஹார்)

வெள்ளை என்றால் பிளாஸ்டர், அப்படியே விட்டது. வெண்கல நிறம் என்றால் பெரும்பாலும் ஃபைபர் கிளாஸ் மேல் பூசிய வண்ணம். ஏமாற்று வேலை ஒன்றும் கிடையாது, பெயர்ச் சீட்டில் என்ன பொருள் என்று எழுதியிருக்கும். எனக்கென்னவோ அந்த வெண்கலப் பூச்சு பிடிப்பதில்லை, பிளாஸ்டரை பிளாஸ்டராகவே வைத்தால் உளி பட்ட தடம் தெரியும்.

நான் தமிழ்ப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு ஆசிரியை. நாற்பது பிள்ளைகளை ஒரு நாள் கண்காட்சிக்குக் கூட்டிப்போக ஆசை. மண்டி ஹவுஸ் பக்கம் எல்லாவற்றையும் காட்டிவிடலாமா? (மயூர் விஹார்)

எல்லாவற்றையும் வேண்டாம் டீச்சர். இரண்டே இடம். நாற்பது பிள்ளைகள் மூன்றாவது இடத்தில் தண்ணீர் பாட்டிலையும் டிபன் பாக்ஸையும்தான் பார்ப்பார்கள்.

முதல் இடம் திரிவேணி கலா சங்கம், தான்சேன் மார்க். சுந்தரி ஸ்ரீதராணி 1950-இல் தொடங்கியது, கட்டடம் ஜோசப் ஆலன் ஸ்டைன் வடிவமைத்தது. அங்கே சிற்பங்களுக்கென்றே திறந்த வெளி இருக்கிறது, வெயில் நேரடியாக விழும். ஒரே உருவத்தில் நிழல் எப்படி மாறுகிறது என்பதை அறைக்குள் ட்யூப்லைட்டில் காட்ட முடியாது. இரண்டாவது, கல்லூரி. முதல்வருக்கு முன்கூட்டியே கடிதம் எழுதிக் கண்காட்சி அரங்கோடு சிற்பப் பிரிவின் பட்டறையையும் பார்க்க அனுமதி கேளுங்கள். அரங்கில் இருப்பது முடிந்த வேலை. பட்டறையில் ஈரத் துணி சுற்றிய உருவமும், கம்பிக் கூடும், உடைந்த கையும், மண் தொட்டியும் இருக்கும், பிள்ளைகள் கேள்வி கேட்க ஆரம்பிப்பது அங்கேதான்.

ஆளுக்கொரு பென்சிலும் மூன்று தாளும் கொடுங்கள். தனக்குப் பிடித்த ஒரே ஒரு சிற்பத்தை மூன்று பக்கத்திலிருந்து வரைய வேண்டும், அவ்வளவுதான் வேலை. அழகாக வரவேண்டும் என்று சொல்லாதீர்கள். போனைப் பையில் வைத்துவிடச் சொல்லுங்கள், படம் எடுத்தால் கண் வேலையை நிறுத்திவிடும். வேறொரு நாளைக்கு ஜெய்ப்பூர் ஹவுஸில் இருக்கும் தேசிய நவீனக் கலைக்கூடத்தை வைத்துக்கொள்ளுங்கள், திங்கள் விடுமுறை. 1954-இல் அதைத் திறந்து வைத்தவர் நம் திருத்தணிக்காரர், அப்போது குடியரசுத் துணைத் தலைவராக இருந்த ராதாகிருஷ்ணன், அந்தத் தொடக்க விழாக் கண்காட்சியே சிற்பக் கண்காட்சிதான். ஆசிரியர் தினம் கொண்டாடும் பிள்ளைகளுக்கு இது ஒட்டிக்கொள்ளும்.

ஒரு மாணவி செய்த சுடுமண் சிற்பம் மனசை விட்டுப் போகவில்லை. எட்டாயிரம் சொன்னாள். 'ஸ்டூடன்ட்தானே, பாதிக்குக் கேள்' என்கிறான் நண்பன். கேட்கலாமா? (நொய்டா, ஐ.டி. ஊழியர்)

கேட்காதீர்கள் தம்பி. சரோஜினி நகரில் சட்டைக்குப் பேரம் பேசுகிற ஊர் இது, எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு, ஆனால் இங்கே வேண்டாம். மண், சூளைக் கூலி, சூளைக்குள் வெடித்துப்போன முந்தைய இரண்டு முயற்சிகள், அவளுடைய மூன்று மாதம், எல்லாம் சேர்ந்துதான் அந்த விலை. இருபது வயதில் முதல் வேலைப்பாட்டை விற்கும்போது பாதி விலைக்குக் கேட்டவனின் முகம் அவளுக்கு ரொம்ப நாள் ஞாபகம் இருக்கும். கையில் அவ்வளவு இல்லையென்றால் அதை நேராகச் சொல்லி இரண்டு தவணையாகத் தரட்டுமா என்று கேளுங்கள், அல்லது சின்னதாக வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

வாங்கும் முன் அவளையே விரல் முட்டியால் மெல்லத் தட்டிக் காட்டச் சொல்லுங்கள். பானை வாங்கும்போது அம்மா செய்வதுதான். நன்றாக வெந்த மண் கணீரென்று பேசும், மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசலோ வேகாத இடமோ இருக்கலாம். ஒரு தாளில் பெயர், தலைப்பு, ஆண்டு, பொருள், அளவு, விலை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், அவளிடமும் ஒரு பிரதி இருக்கட்டும். இன்னொன்று, சிற்பம் உங்களுடையதாகிவிடும், ஆனால் அதற்கு அச்செடுத்து நகல் செய்யும் உரிமை அவளிடமே இருக்கும், 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

எங்கள் வகுப்பின் சிற்பங்களை வெளி அரங்கு ஒன்றில் வைத்தார்கள். ஏற்றி இறக்கும்போது என் சிற்பத்தின் கை முறிந்திருக்கிறது. எனக்குச் சொல்லாமல் யாரோ புட்டிப் பசை வைத்து ஒட்டி, வண்ணமும் பூசி, என் பெயரோடு காட்சிக்கு வைத்துவிட்டார்கள். கேட்டால் 'சின்ன விஷயம்' என்கிறார்கள். (முனிர்க்கா, மாணவர்)

சின்ன விஷயம் இல்லை தம்பி. முறிந்தது விபத்து, மன்னிக்கலாம். வேறொருவர் வைத்த கையை உன் பெயரில் காட்டியதை விட முடியாது.

இதே டெல்லியில் இதற்கு ஒரு பெரிய முன்னுதாரணம் உண்டு. சிற்பி அமர்நாத் சேகல் அரசு மாநாட்டு மண்டபமான விஞ்ஞான் பவனுக்காக வருஷக்கணக்கில் உழைத்து 140 அடி நீள வெண்கலச் சுவர்ச் சிற்பம் செய்தார். 1979-இல் கட்டட வேலைக்காக அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அதைக் கழற்றி கிடங்கில் போட்டுவிட்டார்கள், பல துண்டுகள் சேதமாயின. அது அரசாங்கம் காசு கொடுத்து வாங்கிய சொத்துதான். ஆனாலும் அவர் வழக்குப் போட்டார். 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம், காப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவின்படி படைத்தவனுக்குத் தன் படைப்பைச் சிதைக்காமல் காக்கும் உரிமை விற்ற பிறகும் உண்டு என்று சொல்லி, மிச்சத்தை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் உத்தரவிட்டது. கோபுரம் போன்ற ஒரு கலைஞருக்கே அவ்வளவு காலம் ஆனது என்று மலைத்துவிடாதே, உன் விஷயம் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. துறைத் தலைவருக்கு எழுத்தில் கொடு: முன்பு எடுத்த படம், இப்போதைய படம், பழுது பார்த்ததைச் சொல்லவில்லை என்ற விவரம், சிற்பத்தை எடுத்துவிட வேண்டும் அல்லது பெயர்ச் சீட்டில் 'சேதமடைந்து பழுதுபார்க்கப்பட்டது' என்று சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை. கோபமான வார்த்தை ஒன்றும் வேண்டாம். இனி எதை அனுப்பினாலும் வண்டியில் ஏற்றும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்து, எடுத்துப் போகிறவரிடம் நிலைமையைக் குறித்துக் கையெழுத்து வாங்கு. புட்டி வைத்த கையை நீயே உடைத்துவிட்டு மறுபடி செய். உன் கையால்.

சிற்பத்தைத் தொட்டுப் பார்க்கலாமா? என் தம்பிக்குப் பார்வை கிடையாது, அவனையும் கூட்டிப்போக ஆசை. (பாலம் வாசகி)

பொதுவாகத் தொடக் கூடாது, விரல் ஈரமும் எண்ணெயும் பிளாஸ்டரில் கறையாக ஏறிவிடும். ஆனால் உங்கள் தம்பிக்கு இரண்டு வழி இருக்கிறது. தேசிய அருங்காட்சியகத்தில் 'அனுபவ்' என்று ஒரு பகுதி 2015-லிருந்து இருக்கிறது, பழைய சிற்பங்களின் நகல்களைத் தொட்டு அறிவதற்காகவே வைத்தது. இரண்டாவது வழி கல்லூரிக் கண்காட்சி, ஏனென்றால் அங்கே மட்டும்தான் செய்தவரே பக்கத்தில் நிற்பார். அந்த மாணவரிடம் நேராகக் கேளுங்கள். கல், மரம், சுடுமண், உலோகம் என்றால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். தம்பி மோதிரத்தையும் வாட்சையும் கழற்றிவிடட்டும், கையைத் துடைத்துக்கொண்டு, நகம் படாமல் உள்ளங்கையால் மேலிருந்து கீழே வரட்டும். அவன் கை எங்கே நின்று, எங்கே திரும்பிப் போகிறது என்று அந்த மாணவரைப் பார்க்கச் சொல்லுங்கள், அவருக்கும் அது தேவைப்படும்.